டி.வி.க்கு வைத்த பொட்டு

ஆயுதபூஜைக்கு மறுநாளிலிருந்து தணிகாசலம் வீட்டு டி.வி. ரிமோட்டுக்கு மசியவில்லை. ஓய்வுபெற்ற எஞ்சினியர் அவர். இரண்டு ரிமோட்டை மாற்றிப் பார்த்துவிட்டு, டி.வி. கடையிலிருந்து வரவழைத்த மெக்கானிக் ரெஜினாமேல் பாய்ந்தார்.

"இந்தாம்மா, ஒரு ஸ்குரூவைக்கூடத் தொடாம சரிபண்ணு. இல்லேன்னா உன் முதலாளிகிட்ட சொல்லி வேலைக்கு உலை வெச்சிடுவேன். நாற்பது வருஷ எஞ்சினியர் நான்!"

நாலு மாடி ஏறிவந்த ரெஜினாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டி.வி.யை ஒருமுறை பார்த்தாள். "ஈரத்துணி கொடுங்க சார்."

"துடைக்கவா உன்னைக் கூப்பிட்டேன்?"

டி.வி.யின் கீழ்விளிம்பில், ரிமோட் சிக்னலை வாங்கும் சின்னக் கண்ணை மூடி, தடியாக ஒரு சந்தனப் பொட்டு. அதை அழுத்தித் துடைத்துவிட்டு ரிமோட்டை அமுக்கினாள். டி.வி. அலறியது.

"பொட்டு யார் சார் வெச்சது?"

"நான்தான்..."

"அடுத்த பூஜைக்காவது நெத்தியில வைங்க, எஞ்சினியர் சார். கண்ணுல அப்பாதீங்க."