தூங்கிப்போன சாட்சி

கோடையில் ஒரே ஓர் ஊற்று மட்டும் வற்றாத ஒரு காட்டில் ஓர் உடும்பு இருந்தது. அது எதையாவது பிடித்தால் விடாது. வயிறு நிறைந்து படுத்தால் எழவும் எழாது.

அந்த ஊற்றைத் தோண்டியவை முயல்கள். காட்டுப்பன்றியோ, "இது நான் தோண்டியது!" என்று அவற்றை விரட்டிவிட்டது. வழக்கு சிங்கராஜாவின் சபைக்குப் போனது. முயல்கள் தோண்டியதைக் கண்ணால் கண்டது உடும்பு மட்டுமே. "நாளைக் காலையில் வந்து சாட்சி சொல்" என்று அரசர் ஆள் அனுப்பினார்.

மறுநாள் காலை உடும்பு கிளம்பியது. வழியில் ஒரு கறையான் புற்று. மூக்குப் பிடிக்கத் தின்றது. கொஞ்சம் கண்ணயரலாமே என்று படுத்தது. எழுந்தபோது உச்சி வெயில்!

அடித்துப் பிடித்து ஓடியது. சபை வாசலில் முயல்கள் அழுதுகொண்டு நின்றன. சாட்சி வராததால் ஊற்று பன்றிக்கே என்று தீர்ப்பாகியிருந்தது. முயல் குட்டிகளின் உதடுகள் காய்ந்து வெடித்திருந்தன. அதைப் பார்த்ததும் உடும்புக்கு வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசியது.

வாசல் காத்த நரி கிசுகிசுத்தது. "அண்ணே, குழியில் விழுந்துவிட்டேன் என்று சொல்லுங்கள். அரசர் இரக்கப்பட்டு மன்னித்துவிடுவார். உண்மையைச் சொன்னால் தோலை உரித்துவிடுவார்!"

"நான் தப்பித்துவிடுவேன். முயல்களுக்குத் தண்ணீர் கிடைக்குமா?"

"அது அவற்றின் தலையெழுத்து. நமக்கென்ன?"

உடும்பு விறுவிறுவென்று அரசர் முன் போய் நின்றது.

"ஏன் வரவில்லை?" சிங்கராஜா உறுமினார்.

"வயிறு முட்டத் தின்று தூங்கிவிட்டேன், அரசே. தவறு என்னுடையது. மன்னித்துவிடுங்கள்."

"என் சபையைவிடத் தூக்கம் பெரிதா? நூறு நாள் என் வாசலில் காவல் நில்! இப்போது வெளியே போ!"

"காவல் நிற்கிறேன், அரசே. ஆனால் போகமாட்டேன்."

சபையே வாய் பிளந்தது.

"தூங்கியது நான். முயல்கள் ஏன் தவிக்க வேண்டும்? என் சாட்சியைக் கேட்கும்வரை நகரமாட்டேன்!" என்று உடும்பு நகங்களைத் தரையில் ஊன்றிக்கொண்டது.

இரண்டு கரடிகள் சேர்ந்து இழுத்துப் பார்த்தன. உடும்பு அசையவில்லை; கரடிகள்தான் மல்லாந்து விழுந்தன.

"சரி, சொல்லித் தொலை," என்றார் அரசர்.

"ஒன்பது நாள் முயல்கள் தோண்டின. பத்தாம் நாள் பன்றியார் வந்து குடித்தார். அவ்வளவுதான்."

"இந்தத் தூங்குமூஞ்சியின் பேச்சை நம்பலாமா?" என்று பன்றி கத்தியது.

"தன் குற்றத்தையே மறைக்காத ஒருவன், உன் குற்றத்தில் மட்டும் பொய் சொல்வானா?" என்றார் சிங்கராஜா. "ஊற்று முயல்களுக்கே!"

முயல்கள் ஊற்றை நோக்கித் துள்ளி ஓடின. குட்டிகள் வயிறாரத் தண்ணீர் குடித்தன. உடும்பு அன்றே வாசலில் காவல் நின்றது.

நீதி: மன்னிப்புக் கேட்டால் மட்டும் போதாது, நம் தவறால் பிறர் இழந்ததை மீட்டுத் தரவும் வேண்டும்.