கிளறிப் பார்த்த அணில்

ஒரு காட்டில் ஒரு கரடி இருந்தது. இருந்தது என்றா சொன்னேன்? படுத்துக் கிடந்தது, குழந்தைகளே! நாள் முழுக்கக் குகையில் கிடக்கும் அதற்கு உடம்பெல்லாம் உண்ணி. அதைப் பொறுக்கி எடுக்கச் சின்னப் பிராணிகளைக் கூலிக்கு வைத்திருந்தது. பொழுது சாய்ந்தால் ஆளுக்கு ஒரு கை பழம் கிடைக்கும்.

வேலை லேசுதான். ஆனால் கரடி திடீரென்று புரண்டு படுக்கும்! அந்த நேரத்தில் குதித்து ஓடாவிட்டால் சட்னிதான்.

அங்கே வேலை செய்த மின்னி என்ற அணிலுக்கு அதே கவலை. "இப்போது கால் ஓடுகிறது. வயதான பிறகு? அதற்குள் எனக்கென்று பழமரங்கள் வேண்டும். அப்புறம் இந்தக் குகைப் பக்கமே வரமாட்டேன்" என்று புலம்பும். பாவம், அதற்குத் தூக்கமே வராது.

கூட வேலை செய்தது தொந்தியப்பன் என்ற பெருச்சாளி. காட்டிலேயே பெரிய சோம்பேறி. அன்றைய கூலியைத் தின்னும், கிடைத்த கொட்டைகளைப் போகிற வழியில் ஆங்காங்கே ஊன்றும். நாவலோ, நெல்லியோ, இலுப்பையோ, காட்டுமாவோ, எதுவானாலும் சரி. ஊன்றிய இடத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வளைக்குள் போய்ப் படுத்துவிடும்.

மின்னியும் அதைப் பார்த்து ஊன்றத் தொடங்கியது. ஆனால் பொறுமை வேண்டுமே! விடிந்ததும் ஓடிவந்து மண்ணைக் கிளறும். "வேர் விட்டதா? ஐயோ, இன்னும் இல்லையே!" என்று முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடி மூடும். மத்தியானம் இன்னொரு தடவை கிளறும்.

அந்தக் காட்டில் மரங்கொத்தி ஒன்று, மரங்களுக்கு நாடி பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தது. டொக் டொக்கென்று தட்டும், காதை வைத்துக் கேட்கும். எந்த மரம் நன்றாகக் காய்க்கும் என்று குறி சொல்லும். தட்டிய இடத்தில் அதற்குப் புழு கிடைக்கும், சொன்ன குறிக்குப் பழமும் கிடைக்கும். கெட்டிக்காரப் பயல்!

"வைத்தியரே, எந்த மரம் போடலாம்?" என்று மின்னி கேட்டது.

"முதலில் பழத்தை வை" என்றது மரங்கொத்தி. தின்று முடித்துத் தட்டிப் பார்த்தது. "நாவல்தான்! மற்றதையெல்லாம் பிடுங்கிப் போடு!"

அப்போதுதான் துளிர்த்த நெல்லிக் கன்றுகளை மின்னி பிடுங்கி எறிந்தது. கொஞ்ச நாள் கழித்து மறுபடியும் போய்க் கேட்டது.

"நாவலின் நாடி இறங்கிவிட்டதே! காட்டுமாவுக்கு மாறிவிடு. பழம் எங்கே?"

இப்படியே போனது. கூலியில் பாதி மரங்கொத்தியின் வயிற்றுக்குள் போனது. மிச்சக் கொட்டைகள் வேர் பிடிக்கும் முன்பே வெளியே வந்தன.

"ஏன் மின்னி, அதுகளைக் கொஞ்சம் தூங்கத்தான் விடேன்!" என்றது தொந்தியப்பன்.

"உங்களுக்கென்ன அண்ணே, சோம்பேறி! என்னால் சும்மா இருக்க முடியாது" என்று மின்னி சிடுசிடுத்தது.

ஒரு வருஷம் மழை பொய்த்தது. கன்றுகள் வாடின. "எல்லாம் போச்சு! பிடுங்குங்கள்! கிடைத்ததைத் தின்று தீர்த்துவிடுங்கள்!" என்று மரங்கொத்தி கத்தியது. காடே பிடுங்கியது. மின்னி அழுதுகொண்டே கடைசிக் கன்று வரை பிடுங்கியது.

தொந்தியப்பனுக்கும் பயம்தான். ஆனால் அந்த வெயிலில் யார் காடெல்லாம் அலைந்து பிடுங்குவது? அன்றைய கொட்டையை வழக்கம்போல ஊன்றிவிட்டுப் போய்ப் படுத்தது.

வருஷங்கள் ஓடின. மின்னிக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. ஒருநாள் மனம் பொறுக்காமல் மரங்கொத்தியிடமே கேட்டுவிட்டது: "வைத்தியரே, நீங்கள் எந்த மரம் போட்டீர்கள்?"

"நானா?" மரங்கொத்தி சிரித்தது. "எனக்கு எதற்கு மரம்? நீங்கள் எல்லாம் இருக்கிறீர்களே!"

பழத்தைக் கவ்விக்கொண்டு பறந்துவிட்டது.

அன்று மாலை கரடி புரண்டது. மின்னி குதித்தது, ஆனால் வால் சிக்கிக்கொண்டது. பாதி வாலோடு நொண்டி நொண்டித் தொந்தியப்பனைத் தேடிப் போனது. தொந்தியப்பன் வேலைக்கு வருவதை நிறுத்தி வெகுநாள் ஆகியிருந்தது.

வழியெல்லாம் மரங்கள்! சில பட்டுப்போயிருந்தன. சில பெயருக்குக் காய்த்திருந்தன. சிலவற்றில் கிளை முறியும் அளவுக்குப் பழம்.

"வா மின்னி, முதலில் சாப்பிடு" என்றது தொந்தியப்பன்.

மின்னி ஒரு பழத்தைக் கையில் எடுத்தது. "அண்ணே, எது காய்க்கும் என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது?"

"எனக்கு எங்கே தெரியும்? தெரியாததால்தான் எல்லாவற்றையும் ஊன்றினேன்."

அப்போது குகையிலிருந்து கரடி கூலியாட்களைக் கூப்பிட்டு உறுமியது. தனக்கென்று ஒரு மரமும் இல்லாத மின்னி, கையிலிருந்த பழத்தைக் கீழே போட்டுவிட்டு, அவசர அவசரமாக வேலைக்கு நொண்டி ஓடியது.

நீதி: பலவற்றில் பரவலாக ஊன்று, ஊன்றியதைக் கிளறாதே.