நடுச்சுவர்

டப்பிங் பேசும் பூரணி, வாடகைக்கு எடுத்த சின்ன அறையை ஸ்டுடியோ ஆக்கினாள். வீட்டுக்காரர் ஆளவந்தார் பக்கத்து போர்ஷனிலேயே இருந்தார்.

"நடுச்சுவருக்கு முன்னால கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொரு சுவர் எழுப்பணும் சார்."

"அதெல்லாம் முடியாது. பஞ்சு ஒட்டிக்கோ. ஆனா உன் சத்தம் என் காதுல விழுந்தா, வீட்டைக் காலி பண்ணணும்!"

"பஞ்சு எதிரொலியைத்தான் அடக்கும் சார், சத்தத்தைத் தடுக்காது."

"எனக்கே பாடமா?"

பூரணி வாதாடவில்லை. போன சஷ்டியன்று அந்த அறையில் செய்த பதிவை அவருக்குப் போட்டுக் காட்டினாள். அவள் வசனம் நின்ற இடத்தில் ஆளவந்தார் போனில் பேசும் குரல் கேட்டது.

"மட்டன் பிரியாணி ஒண்ணு. பின்வாசலுக்குக் கொண்டு வாப்பா. என் சம்சாரம் நான் விரதம்னு நம்பிட்டிருக்கா."

ஆளவந்தார் நடுச்சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சத்தம் ரெண்டு பக்கமும் போகும் சார்," என்றாள் பூரணி மெல்ல.

"நாளைக்கே ஆரம்பிச்சிடும்மா. கொஞ்சம் கனமாவே கட்டு."