சடையாண்டி காதுக்குக் கட்டிய குழாய்

ஊரையே தூங்கவிடாமல் பாட்டுப் போட்டவனுக்குக் காது கேட்காமல் போனால், அதைச் சாபம் என்பீர்களா, சம்பளம் என்பீர்களா?

ஒத்தப்பனையூர் சடையாண்டிக்கு அதுதான் நடந்தது. பதினாறு வருஷமாக மைக் செட் போடுகிறவன், குழாய் ஸ்பீக்கருக்கு அடியிலேயே உட்கார்ந்திருப்பான். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் சிரித்துச் சிரித்தே இரண்டு சம்பந்தம் கைநழுவிப் போயிருந்தது. வெள்ளிக்கிழமை மூன்றாவது பெண் வீட்டார் மாப்பிள்ளை பார்க்க வருகிறார்கள்.

தொழில் கூட்டாளிகள் வேம்பையனும் மாயழகும் அவனை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார்கள். அந்த அம்மா பொறுமையாகப் படம் வரைந்து காட்டினார். சத்தம் போய்க் காதுச் சவ்வைத் தட்டுமாம். சவ்வு மூன்று குட்டி எலும்பை ஆட்டுமாம். அதில் நத்தைக்கூடு மாதிரி ஓர் உறுப்புக்குள் தண்ணீர் அலையடித்து, நாற்று மாதிரி நிற்கிற மெல்லிய முடிகள் அசைந்து மூளைக்குச் சேதி அனுப்புமாம்.

"பெருஞ்சத்தத்துல அந்த நாத்துல பாதி சாஞ்சு செத்துப்போச்சு. திரும்ப முளைக்காது. மிச்சத்தைக் காப்பாத்தணும்னா இனிமே குழாய்கிட்டப் போகக் கூடாது. சத்தத்தைப் பெரிசாக்கிக் காதுல குடுக்கிற மெஷின் ஒண்ணு மாட்டுங்க" என்றார்.

அவர் எடுத்துக் காட்டிய மெஷின் மொச்சைக்கொட்டை அளவு இருந்தது. வெளியே வந்ததும் வேம்பையனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஒரு மைக், ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு ஸ்பீக்கர். இதைப் போய் மைக் செட்காரனிடமே விற்கப் பார்க்கிறார்களே, அதுவும் மொச்சை சைஸில். நம்ம செட்டையே இவன் காதுக்குக் கட்டிவிடலாம் என்றான்.

மாயழகு கொஞ்சம் அறிவாளி. "குழாய்கிட்டப் போகக் கூடாதுன்னாங்களேடா."

வேம்பையன் நெடுநேரம் யோசித்தான். "இவன்தானே போகக் கூடாது? இவன் அசையாம உக்காரட்டும். குழாய் வரட்டும்."

இதைவிடத் தெளிவாக யாரால் சொல்ல முடியும்?

வெள்ளிக்கிழமை சடையாண்டி நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்தான். இரண்டு காதுக்கும் பக்கத்தில் இரண்டு குழாய்கள் கயிற்றில் தொங்கின. பெண்ணின் அப்பா கூத்தபெருமாள் மனைவியோடு வந்து உட்கார்ந்ததும், அவர் வாய்க்கு நேரே மைக்கை நட்டார்கள். மாப்பிள்ளைக்குக் குடிப்பழக்கம் உண்டா என்று அவர் மெதுவாகத்தான் கேட்டார். அது மூன்று தெரு தாண்டிக் கேட்டு, ஆடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. சடையாண்டி மட்டும் இன்னும் ஏற்றச் சொல்லிக் கையைக் காட்டினான். ஏற்றினார்கள்.

மைக்கும் குழாயும் கிட்டக்கிட்ட இருந்தால் ஊளையிடும் என்பது பதினாறு வருஷத் தொழில்காரர்களுக்குத் தெரியாதா? தெரியும். அந்த நேரம் ஞாபகம் வரவில்லை.

ஊளை நின்றபோது சடையாண்டிக்கு மிச்சமிருந்த நாற்றும் சாய்ந்திருந்தது. அவன் கூத்தபெருமாளின் வாயையே பார்த்துச் சிரித்தான். அவரும் அவன் வாயையே பார்த்துச் சிரித்தார். இவ்வளவு ஒத்துப்போகிற மாமனார் மருமகனை ஊர் கண்டதில்லை. அன்றைக்கே தட்டு மாற்றிக்கொண்டார்கள்.

கிளம்பும்போது கூத்தபெருமாள் சுண்டுவிரலால் காதைக் குடைந்துகொண்டே சொன்னார்:

"மாப்ள, கல்யாணத்துக்கு முன்னாடி நம்ம வீட்டுலயும் இதே மாதிரி ஒண்ணு கட்டிக்குடுங்க. உங்க அத்தை கொஞ்ச நேரமா வாயை மட்டும்தான் அசைக்கிறா."