நூற்றில் காணாமல் போன முப்பது

மொண்ணைப்பட்டியில் மூக்கையா, சீனிச்சாமி, ஒச்சப்பன் என்று மூன்று அண்ணன் தம்பிகள். கெட்டவர்கள் இல்லை. சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள், அவ்வளவுதான். வில்லங்கமே அதுதான்.

மூக்கையாவின் பெண்டாட்டி பேச்சியம்மாள் வளர்த்த மல்லிகைத் தோட்டத்தில் புழு விழுந்துவிட்டது. மொட்டுக்கு மொட்டு ஓட்டை. போனில் கேட்டதற்கு விவசாய ஆபீசர், புழு பெரிதாகத் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து அனுப்பினால் மருந்து சொல்கிறேன் என்றார். கையால் தொட்டால் நசுங்கிவிடும், தொடாதீர்கள் என்றும் சொன்னார்.

பேச்சியம்மாள் சுருக்கமாக முடித்தாள். "பொழுது சாயறதுக்குள்ள மருந்து வரலைன்னா மூணு பேருக்கும் சோறு கிடையாது."

மூவரும் டவுனுக்கு ஓடி, ஸ்டுடியோ தாவூது பாயிடம் கேமராவும் குட்டிப் பூச்சி எடுக்கிற லென்ஸும் இரவல் வாங்கினார்கள். பாய் பொறுமையாகத்தான் சொன்னார்.

"இது நூறு மில்லிமீட்டர் லென்ஸ். ரொம்பக் கிட்டப் போனா எழுபது மாதிரிதான் வேலை செய்யும். பயந்துடாதீங்க, உள்ள இருக்கற கண்ணாடி நகர்றதால அப்படி. லென்ஸ் முனைக்கும் புழுவுக்கும் நடுவுல பதினாலு சென்டிமீட்டர் இருக்கணும். அது மாறவே கூடாது."

தோட்டத்துக்கு வந்ததும் ஒச்சப்பன் செடியடியில் உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணே, நூறு எழுபதானா மிச்சம் முப்பது எங்க போகும்?"

பஸ்ஸில் விழுந்திருக்கும் என்றான் சீனிச்சாமி. மூக்கையா மூத்தவர் இல்லையா, யோசித்துத்தான் பேசுவார். கால் மணி நேரம் யோசித்தார்.

"விழலைடா. கிட்டப் போனாத்தானே குறையுதுன்னார்? புழுவைப் பார்த்து லென்ஸு பயப்படுது. உடம்பைச் சுருக்கிக்குது."

"பாய் நம்மளைத்தானே பயப்படாதீங்கன்னார்?"

"லென்ஸுகிட்ட யாரும் சொல்லலையே."

அது நியாயமாகத்தான் பட்டது. பயப்படாமல் இருக்க வேண்டுமென்றால் பார்க்கக் கூடாது. அதனால் லென்ஸுக்கு மூடியைப் போட்டு இறுக்கினார்கள்.

அடுத்தது பதினாலு சென்டிமீட்டர். தென்னை ஈர்க்கு ஒன்றை அளந்து நறுக்கி, லென்ஸ் முனையில் நீட்டிக்கொண்டிருக்கும்படி கட்டினார்கள். மூக்கையா கேமராவைத் தூக்கி, ஈர்க்கு நுனியைப் புழு பக்கத்தில் கொண்டுபோனார். புழு நிதானமாக ஈர்க்கில் ஏறி, லென்ஸைப் பார்த்து நடக்க ஆரம்பித்தது.

"அண்ணே, பதிமூணு ஆயிடுச்சு. பின்னாடி போங்க."

மூக்கையா ஓரடி பின்னால் வைத்தார்.

"பன்னெண்டு. இன்னும் போங்க."

தொடக் கூடாது, தூரமும் மாறக் கூடாது. வேறு என்ன செய்வார் மனுஷன்? பின்னாலேயே போனார். வரப்பு, வாய்க்கால், தார் ரோடு. தம்பிகள் இருவரும் லாரிகளை மறித்து வழிவிட்டார்கள். புழு நின்றால் நின்றார்கள். அது திரும்பி நுனிப்பக்கம் நடந்தால் இவர்களும் முன்பக்கம் நடந்தார்கள். இப்படியே ஒரு மைல் போய், முதுகை முன்னால் விட்டு ஒரு கட்டிடத்துக்குள் நுழைந்தார்கள். விவசாய ஆபீஸ்.

ஆபீசர் ஆறடி ஆள். "எங்கய்யா போட்டோ?"

"இன்னும் எடுக்கலைங்க சார். புழு தூரம் கொடுக்க மாட்டேங்குது."

"புழுவே இங்க இருக்கே, அப்புறம் போட்டோ எதுக்கு?" என்று ஆபீசர் இடுப்பை வளைத்து ஈர்க்கின் மேல் குனிந்தார். இன்னும் கிட்ட. இன்னும் கிட்ட.

ஒச்சப்பனுக்கு வேர்த்துவிட்டது. "அண்ணே, ஆறடி ஆள் நாலடி ஆயிட்டாருண்ணே."

சீனிச்சாமியும் ஒச்சப்பனும் பாய்ந்து ஆபீசரின் பெல்ட்டைப் பிடித்து இழுத்தார்கள். அவர் நிமிர்ந்தார். மறுபடி ஆறடி. மூவருக்கும் உயிர் வந்தது. அந்த முப்பது எங்கேயும் தொலையவில்லை, எட்டி வந்தால் திரும்பக் கிடைத்துவிடும் என்று அப்போதுதான் புரிந்தது.

"மொட்டுப்புழு. வேப்பங்கொட்டைக் கரைசல் அடிங்க. முதல்ல பெல்ட்டை விடுங்க" என்றார் ஆபீசர்.

பொழுது சாய்வதற்குள் பேச்சியம்மாள் கரைசல் கலந்து, செடி செடியாகக் குனிந்து அடித்தாள். தோட்டம் பிழைத்தது, மூவருக்கும் சோறும் பிழைத்தது. ஆனால் அவள் இடுப்பில் ஒரு கயிறு கட்டியிருந்தது. மறுமுனையை மூன்று பேரும் பிடித்திருந்தார்கள். அவள் குனியும்போதெல்லாம் இழுத்தார்கள். அவள் திட்டிக்கொண்டே நிமிரும்போதெல்லாம் ஒச்சப்பன் நிம்மதியாகச் சொன்னான்:

"மதினி முழுசா வந்துட்டாங்கண்ணே."