தேடும்போது சொல்லும் பேர்

தூத்துக்குடியில் ஒரு மருத்துவக் கல்லூரி நூலகம். கணினியில் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடுவது எப்படி என்று அங்கே வெளியாட்களுக்கும் சொல்லித்தந்தாள் ஜெசிந்தா. முப்பது வயதுக்காரி. அவளிடம் கற்க வந்த தவசிமுத்துவுக்கு வயது ஐம்பத்தெட்டு. பள்ளியில் ஓவிய ஆசிரியர்.

அவர் மனைவி சந்தனமாரிக்கு பார்க்கின்சன் நோய். நன்றாகத்தான் நடந்து வருவாள். வாசற்படிக்கு வந்ததும் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். அப்படி நின்றவள் போன வாரம் குப்புற விழுந்து, நெற்றியில் தையல்.

“கதவு, பொண்டாட்டி, நின்னு போறது, எல்லாம் போட்டுப் பாத்துட்டேன் டீச்சர். கதவுப் பூட்டைப் பத்தித்தான் வருது. உலகத்துல வேற யாருக்குமே இப்படி வரலையா?”

ஜெசிந்தா நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“மாதா கோயில் திருவிழாவுல நான் ஒரு தடவை தொலைஞ்சு போனேன் சார். மூணு வயசு. பேர் சொல்லத் தெரியாது. அம்மா மைக்ல ‘ஜெசிந்தா, ஜெசிந்தா’ன்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்களாம். பஜ்ஜிக் கடைக்காரர் என்னைத் தோள்ல தூக்கிக்கிட்டு, ‘ஒத்தச் செருப்புப் பாப்பா யாருது’ன்னு கேட்டு அலைஞ்சாராம்.”

“அய்யோ. அப்புறம்?”

“என்னைத் தூக்கி வச்சிருக்கிறவருக்கு என் பேர் தெரியாதுல்ல? அதனால அம்மா பேரை விட்டுட்டாங்க. ‘ஒத்தச் செருப்போட ஒரு பாப்பாவைப் பாத்தீங்களா’ன்னு கேட்டாங்க. உடனே கிடைச்சுட்டேன்.”

தவசிமுத்து திரையில் தான் அடித்திருந்த ‘கதவு’ என்ற சொல்லை அழித்தார்.

“டாக்டருங்க கதவைப் பாக்க மாட்டாங்க. நடையைத்தான் பாப்பாங்க. இல்லையா?”

“நின்னு போறதை என்ன சொல்வாங்க?”

“உறைஞ்சு போச்சும்பாங்களோ?”

“போட்டுப் பாருங்க.”

நோயின் பேர், நடை, உறைதல். மூன்றையும் ஆங்கிலத்தில் சேர்த்து அடித்தார். கட்டுரைகள் வந்துகொண்டே இருந்தன. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். தரையில் குறுக்குக் கோடு போட்டால் சிலர் அதைத் தாண்டிக் கால் எடுத்து வைக்கிறார்கள் என்று ஒன்றில் இருந்தது.

மறு வாரம் வந்தபோது அவர் விரல் இடுக்கெல்லாம் வெள்ளை பெயிண்ட்.

“டாக்டர்கிட்ட கேட்டுட்டு வாசல்ல கோடு போட்டேன் டீச்சர். எல்லா நேரமும் இல்ல. ஆனா நேத்து தாண்டிட்டா.”

சொல்லிவிட்டுத் தயங்கினார்.

“இத்தனை நாளும் வாசலுக்கு அந்தப் பக்கம் நின்னு ‘மாரி, வா மாரி’ன்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தேனே. அதெல்லாம் வீண்தானா?”

“நிறுத்திடாதீங்க சார்,” என்றாள் ஜெசிந்தா. “கோட்டைத் தாண்டி அவங்க யாருகிட்ட வரணும்?”