வேர் மேலே இருந்த படம்

"என் மரத்துல யாரும் யாருக்கும் கீழ இல்ல, டீச்சர். அதுல என்ன தப்பு?" என்று கேட்டார் சமதர்மன்.

டீச்சர் என்று அவர் கூப்பிட்ட ரெஜினா அவரைவிட வயதில் இளையவள். இயங்குதளம் எழுதும் வித்தையை அவளிடம்தான் கற்றுக்கொண்டிருந்தார்.

அவர்கள் கையில் இருந்தது ஆம்புலன்ஸில் வைக்கும் இதயத்துடிப்புக் கருவி. மின்சாரத்தை மிச்சப்படுத்த அது தூங்கப் போகும்போதெல்லாம் நோயாளியின் கடைசித் துடிப்புகள் பதிவாகாமல் தொலைந்தன. சாயங்காலத்துக்குள் சரிசெய்யாவிட்டால் சமதர்மனின் ஒரு வருட உழைப்பைக் குப்பையில் போட்டுவிடுவார்கள்.

பாகங்கள் எதன் கீழ் எது என்று காட்டும் படத்துக்கு மரம் என்று பெயர். சமதர்மன் பெயருக்கேற்ற பிடிவாதக்காரர். மேலே வேர் என்று எழுதி, அதன் கீழ் எல்லாவற்றையும் சமபந்தியில் உட்கார வைத்ததுபோல் ஒரே வரிசையில் போட்டிருந்தார்.

"பஸ்ஸை ஓட்டறது யாரு?" என்றாள் ரெஜினா. பஸ் என்றால் கருவிக்குள் தகவல் போய்வரும் பாதை.

"கன்ட்ரோலர்."

"பதிவு சேர்ற டிஸ்க் எதுல உட்கார்ந்திருக்கு?"

"பஸ்ல."

வரிசையை அழித்தாள். வேர், அதன் கீழ் கன்ட்ரோலர், அதன் கீழ் பஸ், கடைசியில் டிஸ்க் என்று எழுதினாள்.

சமதர்மனுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது.

"இதைத்தானே வேணாங்கறேன்! ஒருத்தன் தலைமேல ஒருத்தன். எங்கப்பா எனக்கு இந்தப் பேரை வெச்சதே இது கூடாதுன்னுதான். அடியில கிடக்கிற டிஸ்க் என்ன பாவம் பண்ணுச்சு?"

ரெஜினா வாதாடவில்லை. தாளைத் தலைகீழாகத் திருப்பி அவர் முன்னால் வைத்தாள்.

"மரத்துக்கு வேர் எங்க இருக்கும்ணா?"

"கீழ."

"இப்ப டிஸ்க் எங்க?"

"உச்சியில."

"யாரு தோள்ல?"

அவர் கழுத்தைச் சாய்த்து எழுத்துகளைப் படித்தார். "பஸ் தோள்ல. பஸ்ஸைத் தாங்கறது கன்ட்ரோலர்."

"எல்லாரும் தூங்குங்கன்னு சொன்னா, உங்க வரிசையில யாரு முதல்ல தூங்கணும்?"

"யாரு வேணாலும் தூங்கலாம். எல்லாரும் சமம்தானே..."

சொல்லும்போதே குரல் இறங்கியது.

"நேத்து டிஸ்க் எழுதி முடிக்கறதுக்கு முன்னாடியே தூங்கினது யாரு?"

சமதர்மன் தாளின் உச்சியிலிருந்து விரலைக் கீழே இறக்கிக்கொண்டே வந்தார்.

"கன்ட்ரோலர்" என்றார். "டிஸ்க்கைத் தோள்ல வெச்சுக்கிட்டே."